விரல் வைத்த வரி

செஞ்சி,
12.6.2024

அன்புள்ள மீனாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஞானமும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. உன் காதுக்கு வாங்கிய புதுக் கருவி பொருந்தியதா? போனில் பேசினால் நீ “ஆங்? ஆங்?” என்பாய். உன் மருமகள் கவிதா போனை வாங்கி, நான் சொன்னதை உன் முகத்துக்கு நேரே கத்திச் சொல்வாள். இப்போது நான் சொல்ல வேண்டியது அப்படிக் கத்திச் சொல்லக்கூடியது அல்ல. அதனால்தான் கடிதம்.

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நாற்பது வருடம் ஊரார் பத்திரங்களை எழுதியவனுக்குத் தன் விஷயத்தை எழுத வரவில்லை. நேராக எழுதுகிறேன். நான் பி.ஏ. தேறவில்லை. 1979இல் ஆங்கிலத் தாள் போய்விட்டது. நைனாவிடம் தேறிவிட்டதாகச் சொன்னேன். உன் கல்யாணப் பத்திரிகையில் ‘பாண்டுரங்கன், பி.ஏ.’ என்று அவர் அச்சடித்தபோதும் வாயைத் திறக்கவில்லை. என் படிப்புச் செலவுக்காக உன்னைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது பல்கலைக்கழகம் பழைய அரியர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவித்திருக்கிறது. டிசம்பரில் பரீட்சை. அதன் பிறகு கதவை மூடிவிடுவார்கள். பணம் கட்டிவிட்டேன். ஞானத்துக்கு இன்னும் தெரியாது.

கேள்வித்தாள் முறை மாறியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஆங்கிலப் பத்தி, அதன் கீழே யார், எப்போது, எங்கே, எத்தனை என்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். மாதிரித் தாளை எடுத்து உட்கார்ந்தேன். பத்தியை மூன்று முறை படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. போன தீபாவளிக்கு வந்தபோது உன் அலமாரியில் இந்த மாதிரிப் பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்தேன். உன் பேத்தி இளவேனில் பிளஸ் டூ என்பதால் அவளுடையவை என்று நினைக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து எழுத முடியுமா?

சிரமம் என்றால் வேண்டாம்.

அண்ணன்,
பாண்டுரங்கன்

*

ஓசூர்,
29.6.2024

அண்ணாவுக்கு மீனா எழுதறது.

இங்க எல்லாரும் சௌக்கியம். காதுக் கருவி அதைவிட சௌக்கியம், டப்பாவுக்குள்ள தூங்குது. போட்டா பக்கத்து வீட்டு மிக்சி கேக்குது, எதிர்ல இருக்கற மனுசன் பேசறது கேக்கல. இளவேனிலுக்கு ஒரு வாரமா ஜுரம், இப்ப விட்டுடுச்சி.

பத்தியை மூணு தடவை படிச்சேன்னு எழுதியிருக்கற. அது இன்னா கிரயப் பத்திரமா, முழுசும் படிச்சாத்தான் கையெழுத்துப் போடுவேங்கறதுக்கு? மொதல்ல கேள்வியைப் படி. ஒவ்வொரு கேள்வியிலயும் ஒரு பேரோ, வருஷமோ, ஊரோ, எண்ணிக்கையோ இருக்கும். அதுதான் கொக்கி. அதை எடுத்துக்கினு பத்திக்குள்ள போ. வழியில எதையும் வேடிக்கை பாக்காத. கொக்கி எந்த வரியில மாட்டுதோ அந்த வரி, அதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அந்த மூணை மட்டும் நிதானமா படி. பதில் அங்கதான் இருக்கும்.

இன்னொண்ணு. இந்த மாதிரி கேள்விங்க பெரும்பாலும் பத்தி போற வரிசையிலயேதான் வரும். மூணாம் கேள்விக்கு பதில் கெடைச்ச எடத்துக்குக் கீழதான் நாலாம் கேள்வி. மறுபடியும் தலையில இருந்து ஆரம்பிக்காத.

கால் வலிக்கு வேப்பெண்ணெய் தடவு. அண்ணியைக் கேட்டதா சொல்லு.

மீனா

*

செஞ்சி,
15.7.2024

அன்புள்ள மீனாவுக்கு,

முழங்கால் வேப்பெண்ணெய்க்குப் பணிந்திருக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனைதான். இளவேனிலுக்கு உடம்பு தேறியது கேட்டு நிம்மதி.

உன் கடிதத்தையும் மூன்று முறை படித்தேன். பழக்கம் விடவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்த காலத்தில் சிங்கவரத்திலிருந்து யாராவது எட்டுப் பக்கப் பத்திரத்தோடு வந்து, “ஐயா, இதுல கெணத்துல எனக்குப் பாத்தியதை இருக்குதா?” என்பார்கள். நான் எட்டுப் பக்கமும் படித்ததில்லை. சர்வே எண்ணைத் தேடுவேன். அதன் கீழே கண் தானாகக் கிணற்றில் போய் நிற்கும். நீ சொல்லும் கொக்கி அதுதான். ஆங்கிலம் என்றதும் அந்தக் கண்ணையே மறந்துவிட்டேன்.

நேற்று பத்து கேள்வியில் ஆறு சரி. மற்ற நான்கில் ஒன்று எனக்குப் பெரிய மனத்தாங்கல். நிலக்கடலையைப் பற்றிய பத்தி. விதைத்து எத்தனை நாளில் பறிப்பார்கள் என்று கேள்வி. பத்தியில் நூற்றிருபது நாள் என்றிருந்தது. நம் பக்கத்தில் நூற்றைந்து நாளில் கொடி பிடுங்கி மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை வந்துவிடுகிறது. நான்கு விடைகளில் நூற்றைந்தும் இருந்தது. அதைக் குறித்தேன். தவறு என்கிறது புத்தகம். பதிப்பகத்தாருக்குத் திருத்தம் எழுதினால் என்ன என்று தோன்றுகிறது.

முதல் கடிதத்தில் இன்னொரு விஷயமும் எழுதியிருந்தேன். அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. கோபமா?

அண்ணன்,
பாண்டுரங்கன்

*

ஓசூர்,
20.8.2024

அண்ணாவுக்கு மீனா எழுதறது.

சௌக்கியம்தான். இங்க மழை. துணி காயல.

அந்த மல்லாட்டை இன்னா உன் கொல்லையில வெளஞ்சதா? பத்தி எழுதினவன் நூத்தியிருவதுன்னா நூத்தியிருவது. அவன் நானூறுன்னு எழுதினாலும் அன்னிக்கு மட்டும் நானூறு நாள்தான். உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டி வெச்சிட்டு உள்ள போ. வெளிய வரும்போது போட்டுக்கலாம், யாரும் எடுத்துக்கினு போக மாட்டாங்க. புத்தகக்காரனுக்குக் கடுதாசி கிடுதாசி போட்டு மானத்தை வாங்காத.

அப்புறம், பத்தியில இருக்கற வார்த்தை கேள்வியில அப்படியே வரணும்னு எதிர்பாக்காத. பத்தியில ‘செவ்வாய் தவிர எல்லா நாளும் கடை உண்டு’ன்னு இருக்கும். கேள்வியில ‘வாரத்துக்கு எத்தனை நாள்’னு கேப்பான். ஆறுங்கற வார்த்தையே பத்தியில இருக்காது. ஆனா ‘செவ்வாய்’ங்கறதை அப்படியே தூக்கி ஒரு விடையில வெச்சிருப்பான், உன்ன மாதிரி ஆளு அதைப் பாத்து ‘ஆகா, இது பத்தியில இருக்குதே’ன்னு போயி விழறதுக்கு. தவிர, மட்டும், இல்லாம, மொதல்ல, அப்புறம், இந்த சின்ன வார்த்தைங்க கிட்டதான் ஆளு வழுக்கி விழறது.

சனி ஞாயிறு எனக்கு ஒழியறதில்ல. அதான் லேட்டு.

மீனா

*

செஞ்சி,
3.9.2024

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கே உடல்நலத்துக்குக் குறைவில்லை. வீட்டின் அமைதிக்குத்தான் கொஞ்சம் குறைவு. ஞானத்துக்குத் தெரிந்துவிட்டது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மாதிரித் தாள்களை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ நாப்பத்தியொரு வருஷமா நான் பி.ஏ. பொண்டாட்டி இல்லியா?”

“இல்லை.”

“எங்கப்பன் அந்த பி.ஏ.வுக்குன்னு தனியா ரெண்டு சவரன் போட்டாரு. அது?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். “சரி, டிசம்பர்ல பாஸாயிடு. ரெண்டு சவரனும் செரிச்சிடும்” என்று உள்ளே போய்விட்டாள். இப்போது அவள்தான் எனக்குக் கடிகாரம். குக்கரை ஏற்றிவிட்டு, “மூணு விசில், ஒரு பத்தி” என்கிறாள். பருப்பு வேகும் நேரமும் பத்திக்கு உரிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டேன். சின்ன வார்த்தைகளின் கீழே கோடு போடுகிறேன். ஆனால் புதிதாக ஒரு தொல்லை. சரியான விடையைக் குறித்துவிடுகிறேன். பிறகு, நம்மால் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட முடியுமா என்ற எண்ணம் வந்து, அதை அழித்து வேறொன்றைக் குறிக்கிறேன். நேற்று எண்ணிப் பார்த்தேன். தவறிய ஐந்தில் நான்கு நான் அழித்த சரியான விடைகள். 1979இலும் இதுதான் நடந்தது. பதிலை எழுதி, அடித்து, மேலே எழுதி, அதையும் அடித்து, கடைசியில் அந்தத் தாளை என்னாலேயே படிக்க முடியவில்லை.

இதற்கு வழி உண்டா?

அண்ணன்,
பாண்டுரங்கன்

*

செஞ்சி,
18.10.2024

அன்புள்ள மீனாவுக்கு,

என் கடிதம் போய் ஆறு வாரமாகியும் உன் பதில் இல்லை. கவிதாவுக்குப் போன் செய்தேன். “அத்தை நல்லாத்தான் இருக்காங்க மாமா, வெளிய போயிருக்காங்க” என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

என் முதல் கடிதத்தை நீ மறுபடி எடுத்துப் படித்திருப்பாயோ என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படிப் படித்திருந்தால், எழுத மனம் வராதது நியாயம்தான். பரீட்சை டிசம்பர் ஏழு. நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்,
பாண்டுரங்கன்

*

ஓசூர்,
2.11.2024

அண்ணாவுக்கு மீனா எழுதறது.

ஒண்ணும் ஆகல, உயிரோடதான் இருக்கறேன். அக்டோபர்ல கொஞ்சம் வேலை. தீபாவளிக்கு இங்க அதிரசம் உதிர்ந்து போச்சு, உப்புமா மாதிரி கிண்ணத்துல போட்டுத் தின்னோம்.

அழிக்கற வியாதிக்கு மருந்து கேட்டிருந்த. எங்க மேடம் ஒண்ணு சொல்லுவாங்க. பதிலைக் குறிக்கறதுக்கு முன்னாடி, அது எந்த வரியில இருக்குதோ அந்த வரி மேல விரலை வை. விரலை வெக்க எடம் இருந்தா அது பதில். எடம் இல்லேன்னா அது உன் நெனப்பு. அப்புறம் அழிக்கணும்னு கை போச்சுன்னா, புது பதிலுக்கு வேற வரி இருக்குதான்னு பாரு. வரி இருந்தா அழி. வரி இல்லாம பயம் மட்டும் இருந்தா கையை மடியில வெச்சிக்க. பயத்துக்கு மார்க் கெடையாது.

ரெண்டு நிமிசம் தேடியும் வரி கெடைக்கலன்னா அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. கடைசியில வந்து பாத்துக்கலாம். ஒரே எடத்துல நின்னு அழுவாத.

பரீட்சை அன்னிக்குக் காலையில அண்ணி கையால சாப்ட்டுட்டுப் போ. கண்ணாடி ரெண்டு எடுத்துக்க.

மீனா

*

செஞ்சி,
9.12.2024

அன்புள்ள மீனாவுக்கு,

நலம். இரண்டு கண்ணாடியும் பத்திரமாகத் திரும்பி வந்தன.

திருவண்ணாமலையில் பரீட்சை. வாசலில் நின்ற கண்காணிப்பாளர், “பெரியவரே, பெத்தவங்கல்லாம் கேட்டுக்கு வெளிய” என்றார். நுழைவுச்சீட்டைக் காட்டினேன். அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு அவரே என் பையை வாங்கிக்கொண்டு என் மேசை வரை வந்தார். பக்கத்து வரிசையில் எழுபது வயது மதிக்கத்தக்க இன்னொருவர் இருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு பத்தி. ஒன்று கலங்கரை விளக்கைப் பற்றி. கடல் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாததால் வாசலில் கழற்றவே செருப்பு இல்லை, சௌகரியமாகப் போய்விட்டது. கேள்வியை முதலில் படித்தேன். கொக்கியை எடுத்தேன். ஏழாவது கேள்வியில் கை அழிக்கப் போனது. விரலை வைத்துப் பார்த்தேன். முதலில் எழுதிய பதிலுக்குத்தான் வரி இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். கடைசி மணி அடிக்கும் வரை ஒன்றையும் அழிக்கவில்லை, மீனா. முடிவு என்னவானாலும் இது நடந்தது.

திரும்பும் பஸ்ஸில் உன் மூன்று கடிதங்களும் சட்டைப்பையில் இருந்தன. பழக்கத்தில் அவற்றிலும் விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். ஓசூர் வீட்டில் ஆங்கிலப் பரீட்சைக்குப் படிப்பது யார்? இளவேனில் என்று ஜூன் மாதமே நான் குறித்துவிட்டேன். தேடிப் பார்த்தால் அதற்கு வரி இல்லை. அவள் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் ஜுரம் விட்டது என்று. அவளுடைய புத்தகம் என்று நீ எங்கும் எழுதவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். நீ எழுதியிருப்பவை இவைதான்: சனி ஞாயிறு உனக்கு ஒழிவதில்லை. அக்டோபரில் உனக்கு வேலை. ‘எங்க மேடம்’. எங்கள் மேடம் என்று எழுதுகிறவள் யாராக இருக்க முடியும் என்று கீழ்ப்பென்னாத்தூர் தாண்டும்போது புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

உனக்குக் கோபமா என்ற கேள்விக்கும் தேடினேன். மூன்று கடிதத்திலும் வரியே இல்லை. இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக என்னால் முடியவில்லை.

அண்ணன்,
பாண்டுரங்கன்

*

ஓசூர்,
26.1.2025

அண்ணாவுக்கு மீனா எழுதறது.

சௌக்கியம். இந்தக் கடுதாசியை நாலு தடவை எழுதினேன். உன் வியாதி தொத்திக்கிச்சு.

ஆமா, நான்தான். தபால் வழியில பிளஸ் டூ படிக்கறேன். சனி ஞாயிறு கிளாஸ். காது கேக்காததால மொத பெஞ்சுல உக்காந்து மேடம் வாயைப் பாத்துக்கினே இருப்பேன், அவங்களும் என்னைப் பாத்தே பாடம் நடத்துவாங்க. அக்டோபர்ல தமிழும் மனையியலும் எழுதி ரெண்டும் பாஸ். இங்கிலீஷ் ஏப்ரல்ல. வீட்ல கவிதாவுக்கு மட்டும்தான் தெரியும். பெயிலாயிட்டா சிரிப்பாங்கன்னு யாருக்கும் சொல்லல. உனக்கு எழுதற ஒவ்வொரு கடுதாசியும் எனக்கு ஒரு பாடம் மாதிரி. உனக்குச் சொல்லி சொல்லியே எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சி.

இப்ப உன் கேள்வி.

நீ பி.ஏ. தேறலங்கறது எனக்கு 1979லயே தெரியும். உன் நம்பர் 3147. அதை அரிசிப் பானை மேல சாக்பீஸ்ல எழுதி வெச்சி, தெனம் அரிசி எடுக்கும்போதெல்லாம் கும்பிட்டது நான். ரிசல்ட் வந்த அன்னிக்குக் காலையில பஜார்ல ராஜாராம் மளிகையில பேப்பரை வாங்கிப் பாத்தேன். 3146 இருந்தது. அதுக்கு அடுத்தது 3149. விரலை வெச்சி ஆறு தடவை பாத்தேன். நடுவுல எடமே இல்ல. மேடம் விரலை வெக்கச் சொன்னப்போ எனக்கு அது புதுசா இல்ல.

வீட்டுக்கு வந்தா நீ நைனா முன்னாடி நின்னுக்கினு பாஸ்னு சொல்ற. நைனா மூஞ்சியைப் பாத்தேன். அந்த மாதிரி சிரிச்சி நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. வாயை மூடிக்கினேன். பானையைத் தொடைச்சிட்டேன்.

கோபம் இருந்தது. உன் மேல இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். என் படிப்பைக் குடுத்து வாங்கின படிப்பு இப்படியாச்சேன்னு பத்து வருஷம் இருந்தது. அப்புறம் புள்ள, மாமியார், காது, கோவப்பட நேரமில்ல. ஜூன்ல உன் கடுதாசி வந்தப்போ மறுபடியும் வந்தது. அதான் அதைத் தொடாம, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன். ஆனா நீ மல்லாட்டைக்கு சண்டை போட்டு எழுதின பாரு, அன்னிக்கு அடுப்படியில நின்னு தனியா சிரிச்சேன். இவன் இன்னும் அதே ஆளுதான்னு. அப்பவே போயிடுச்சி. உடனே சொல்ல வேணாம், கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டேன்.

இதுதான் நீ கேட்ட வரி. விரலை வெச்சிக்க.

மீனா

*

செஞ்சி,
3.3.2025

அன்புள்ள மீனாவுக்கு,

ஞானமும் நானும் நலம். முழங்காலும் வீடு திரும்பிவிட்டது.

உன் கடிதத்தை மூன்று முறை அல்ல, ஒரே ஒரு முறைதான் படித்தேன். போதுமாக இருந்தது. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞானம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஒன்ன விட அந்தப் பொண்ணுக்குத்தான் ரெண்டு சவரன் போட்டிருக்கணும்” என்றாள்.

இன்று காலை ரிசல்ட். பஜாரில் கணினி மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் என் எண்ணைத் தட்டிவிட்டு, “யாருக்கு ஐயா, பேரனுக்கா?” என்றாள். ஞானம் முந்திக்கொண்டு, “எனக்கு. நான் பி.ஏ. பொண்டாட்டி ஆவணும்” என்றாள். ஐம்பத்திரண்டு மதிப்பெண். தேர்ச்சி என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தப் பெண் திரையைத் தொடாதீர்கள் என்றாள்.

பத்திர எழுத்தர் பலகையை எடுத்துத் தூசு தட்டி, பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து சேர்க்கச் சொல்கிறாள் ஞானம். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது என்றேன். “பலகை ஓய்வு பெறல” என்கிறாள். ஏப்ரல் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

உன் பரீட்சைக்கு முந்தின நாள் நாங்கள் ஓசூர் வருகிறோம். கவிதாவிடம் சொல்லிவிட்டேன். பெற்றவர்கள் நிற்கும் இடத்தில் கேட்டுக்கு வெளியே நான் நிற்கிறேன், எனக்கு அந்த இடம் பழக்கம். கண்ணாடி இரண்டு எடுத்துக்கொள். உன்னால் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ சொல்லிக்கொடுத்துத்தான் நானே தேறினேன்.

ரிசல்ட் வரும் நாளில் நீ பார்க்க வேண்டாம். இந்த முறை நான் தேடுகிறேன். உன் பதிவு எண்ணை மறக்காமல் எழுதி அனுப்பு. ஞானம் அரிசி டின்னைத் துடைத்து, மூடி மேல் ஒரு சாக்பீஸ் எடுத்து வைத்திருக்கிறாள்.

அண்ணன்,
பாண்டுரங்கன்